சென்னையிலிருந்து காஷ்மீர் குளிர்காலப் பயணம்: வானிலை குறுக்கிட்டாலும் பணமும் லீவும் கரையாமல் திட்டமிடும் முறை

டிசம்பர், ஜனவரியில் சென்னையிலிருந்து இரண்டு பேராகக் காஷ்மீர் கிளம்புபவர்களுக்கான வழிகாட்டி இது. ஆறு அல்லது ஏழு நாள் பயணம், டெல்லி வழியாக விமானம், ஸ்ரீநகர், குல்மார்க், பகல்காம் என்ற வழக்கமான திட்டத்தை வைத்து எழுதியிருக்கிறோம். மணாலி போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் தடவை போகிறவர்கள் ஜாக்கெட், ஷூ, தெர்மல் என்று ஷாப்பிங்கில் ஆரம்பிக்கிறார்கள். பயணத்தைக் கெடுப்பது குளிர் அல்ல, டிக்கெட்டும் தேதியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கும் விதம். ஒரு விமானம் நின்றால் அதன் பின்னால் கனெக்டிங் விமானம், ஹோட்டல், வண்டி, ஆபீஸ் லீவு எல்லாம் வரிசையாகச் சரிகின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தேதி: மூன்று ஊர் வானிலையையும் ஒரே காலண்டரில் வையுங்கள்

உங்கள் பயணத்தை மூன்று இடங்களில் மூன்று விதமான வானிலை தடுக்கலாம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை. டெல்லியில் பனிமூட்டம். காஷ்மீரில் பனிப்பொழிவு. எல்லோரும் மூன்றாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

சென்னையில் ஆபத்தான காலம் நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக மதியம் மூடி மறுநாள்தான் திறந்தார்கள். டிசம்பர் கடைசிக்கு மேல் இந்தக் கவலை பெருமளவு குறையும். ஒரு விதிவிலக்கு போகி. அன்று காலை புகையும் மூட்டமும் சேர்ந்தால் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகும், சில வேறு ஊருக்குத் திருப்பி விடப்படும். போகி காலை விமானத்தை எடுக்காதீர்கள்.

டெல்லியில் மூட்டம் மிக அடர்த்தியாக இருப்பது டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாட்களைச் சில்லை கலான் என்கிறார்கள், குளிரின் உச்சம் அதுதான். ஆக, கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை டெல்லியும் காஷ்மீரும் ஒரே நேரத்தில் மோசமாக இருக்கும். டிக்கெட் விலையும் அப்போதுதான் உச்சத்தில்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி 28-லிருந்து பிப்ரவரி 15-க்குள் போங்கள். சென்னையில் மழை முடிந்திருக்கும், டெல்லி மூட்டம் தணியத் தொடங்கியிருக்கும், குல்மார்க்கில் பனி இன்னும் ஆழமாகவே கிடக்கும். ஜனவரி 26-க்கு முன் ஏன் வேண்டாம் என்றால், குடியரசு தின ஒத்திகைக்காக டெல்லி வான்வெளியைக் காலையில் சில மணி நேரம் மூடுவது வழக்கம். 2025-ல் ஜனவரி 19 முதல் 26 வரை தினமும் 10:20 முதல் 12:45 வரை மூடினார்கள். மூட்டம் விலகி விமானங்கள் கிளம்பும் நேரமும் அதுதான்.

பள்ளி விடுமுறை, ஆபீஸ் ஷட்டவுன் என்று டிசம்பர் கடைசியை விட முடியாதவர்கள் கீழே சொல்லும் உபரி நாளை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. விமான டிக்கெட்: ஒரே பி.என்.ஆர், நடுப்பகல்

சென்னை–டெல்லி, டெல்லி–ஸ்ரீநகர் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆரில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் 800, 1000 ரூபாய் குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே பி.என்.ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு சிக்கல் டெர்மினல். டெல்லியில் ஒன்றாவது டெர்மினலும் மூன்றாவதும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கின்றன, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போக வேண்டும்.

இருவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அவரவர் கார்டு ஆஃபருக்காகக் கணவன் ஒரு டிக்கெட், மனைவி ஒரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால், மறு ஒதுக்கீட்டில் ஒருவர் இன்றும் மற்றவர் நாளையும் போக நேரிடும்.

டெல்லியில் இடைவெளி குறைந்தது 3 மணி நேரம். மூட்டம் பொதுவாக நள்ளிரவுக்கு மேல் இறங்கிக் காலை 9, 10 மணிக்குக் கலையும். சென்னையிலிருந்து விடியற்காலை 5 மணி விமானம் எடுத்தால் 8 மணிக்கு, மூட்டத்தின் நடுவில் போய் நிற்பீர்கள். அதனால் டெல்லியில் 10 மணிக்கு மேல் இறங்கும் விமானம், அங்கிருந்து மதியம் ஸ்ரீநகர். மாலை நேர ஸ்ரீநகர் விமானம் வேண்டாம், அது நின்றால் அன்றைக்கு அடுத்தது கிடையாது.

டெல்லியில் கேட் 3 (CAT III) என்ற, கருவிகளின் உதவியால் விமானத்தை இறக்கும் வசதி இருக்கிறதே, அடர்ந்த மூட்டத்திலும் இறங்கலாமே என்று கேட்பார்கள். இறங்கலாம். ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், கிளம்புவதற்கும் ஓடுபாதையில் குறைந்தது 125 மீட்டர் தெரிய வேண்டும். ஸ்ரீநகரில் அந்த வசதியே இல்லை. டெல்லி தெளிவாக இருந்தாலும் ஸ்ரீநகர் தெரியாவிட்டால் உங்கள் விமானம் கிளம்பாது.

மும்பை வழியாகக் கட்டணம் ஒத்துவந்தால் அதையே எடுங்கள். நேரம் கூடினாலும் டெல்லி மூட்டத்தைத் தாண்டிவிடலாம்.

ஏஜென்ட் அல்லது புக்கிங் ஆப் மூலம் வாங்கினால், விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டுத் தொடர்பு எண்ணைச் சரிபாருங்கள். பல நேரம் அங்கே ஏஜென்டின் எண் இருக்கும். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், நீங்கள் விமான நிலையத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொள்வீர்கள்.

3. ரயிலில் போவதானால்

சென்னை சென்ட்ரலிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் ட்ரங்க் இரண்டும் வழக்கமான தேர்வுகள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். மூட்ட மாதங்களில் வட இந்தியப் பகுதியில் ரயில் பல மணி நேரம் பின்தங்கலாம். அதனால் டெல்லியில் அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள்.

கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. டெல்லியிலிருந்து வரும் ரயில் பெட்டிகள் தாமதமானால், சென்னையிலிருந்து கிளம்பும் ரயிலின் நேரத்தையும் தள்ளி வைப்பார்கள். நம் ஊரில் வெயில் அடிக்கிறதே, ரயில் ஏன் தாமதம் என்று குழம்ப வேண்டாம். ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகாமல் விட்டால் முழுப் பணமும் கிடைக்கும். ஆனால் ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன் டி.டி.ஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும். கிளம்பிய பிறகு போட்டால் போனதுதான்.

4. நாட்களை அடுக்கும் வரிசை

மலை மேல் இருக்கும் ஊர்கள் முதலில், ஸ்ரீநகர் கடைசியில். பெரும்பாலான பேக்கேஜ்கள் கடைசி இரவைக் குல்மார்க்கிலோ பகல்காமிலோ வைத்து, மறுநாள் காலை அங்கிருந்து நேரே விமான நிலையம் என்று போட்டிருக்கும். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து 50 கி.மீ தான். ஆனால் தங்மார்க்கிலிருந்து மேலே ஏறும் 13 கி.மீ மலைப்பாதை, இரவில் ஓர் அடி பனி விழுந்தால் காலையில் சுத்தம் செய்யும் வரை மூடியிருக்கும். பகல்காம் சுமார் 90 கி.மீ.

ஏழு நாள் என்றால் இப்படி வையுங்கள். முதல் நாள் ஸ்ரீநகர் வந்து ஓய்வு. இரண்டாம், மூன்றாம் நாள் குல்மார்க். நான்காம் நாள் பகல்காம், ஐந்தாம் நாள் மதியத்துக்குள் ஸ்ரீநகர் திரும்புதல். ஆறாம் நாள் ஸ்ரீநகரில் எந்த முன்பணமும் கட்டாத உபரி நாள். ஏழாம் நாள் விமானம்.

குல்மார்க்கை முன்னால் வைப்பதற்குக் காரணம் கோண்டோலா என்ற ரோப் கார். காற்று அதிகமானால் அஃபர்வட் மலை வரை போகும் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். முதலிலேயே போனால், ஒரு நாள் கிடைக்காவிட்டாலும் பிறகு ஸ்ரீநகரிலிருந்து ஒரு நாள் போய் வர வாய்ப்பு இருக்கும். உபரி நாள் வீணாகாது: வானம் தெளிவாக இருந்தால் சோன்மார்க் போய் வரலாம். 2025 ஜனவரியில் சோன்மார்க் சுரங்கப்பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் அங்கே போக முடிகிறது.

திரும்பும் விமானம் வெள்ளி அல்லது சனி மதியம் இருக்கட்டும். ஞாயிறு இரவு சென்னை, திங்கள் காலை ஆபீஸ் என்று போடுவதுதான் இந்தப் பயணத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு. வடக்கே ஒரு நாள் மூட்டம் என்றால் செவ்வாய்க்கிழமைக்கு முன் வர முடியாது, மேலதிகாரியிடம் போனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

5. ஹோட்டல், வண்டி, ஏஜென்ட்: எதை எழுத்தில் வாங்குவது

விமானத்தை நீங்களே எடுங்கள். தங்குமிடமும் வண்டியும் மட்டும் லேண்ட் பேக்கேஜாக ஏஜென்டிடம். எல்லாம் ஒரே தொகையில் இருந்தால், விமானம் ரத்தாகும்போது எவ்வளவு உங்களுக்குச் சேர வேண்டும் என்பதைப் பிரித்துக் கேட்க முடியாது.

முன்பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்குங்கள். விமானம் ரத்தாகி ஒரு நாள் தாமதமாக வந்தால் முதல் இரவுக் கட்டணம் என்ன ஆகும்? குல்மார்க் பாதை மூடியிருந்தால் அந்த இரவை ஸ்ரீநகரில் தருவார்களா? கூடுதல் இரவு தங்க நேர்ந்தால் அதே விலையா? தங்மார்க்கிலிருந்து மேலே போகும் செயின் போட்ட வண்டிக்கு யார் காசு? கடைசிக் கேள்வியில்தான் சண்டையே வரும். பனிக்காலத்தில் உங்களுடன் வரும் சாதாரண வண்டி தங்மார்க்கில் நின்றுவிடும். அங்கிருந்து உள்ளூர் வண்டிதான், பேக்கேஜில் அது பெரும்பாலும் சேராது.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவரை விட்டுவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி போய்ச் சேர்ந்த பிறகு என்பது நியாயமான ஏற்பாடு.

அறையில் என்ன ஹீட்டர், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள். பனிப்பொழிவுக்குப் பின் மின்வெட்டு சகஜம். எலக்ட்ரிக் ப்ளாங்கெட் மட்டும் இருக்கும் அறையில் கரண்ட் போனால் கஷ்டம்தான்.

6. சிம்: கிளம்ப இரண்டு வாரம் முன்பே

மற்ற மாநிலப் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். இது தெரியாமல் போகிறவர்களுக்கு ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் ஓடும், யு.பி.ஐ.கூடப் போகும். ஆனால் விமானம் ரத்தான எஸ்.எம்.எஸ் வராது, புது டிக்கெட் வாங்கும்போது வங்கி ஓ.டி.பி.யும் வராது. விமானம் ரத்தான அன்றைக்குத்தான் இது கழுத்தைப் பிடிக்கும்.

இருவரில் ஒருவராவது, முடிந்தால் இருவரும் வேறு வேறு நிறுவனங்களில், போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள். பி.என்.ஆரில் கொடுத்த எண்ணும், வங்கிக் கார்டில் பதிந்த எண்ணும் அந்தப் போஸ்ட்பெய்ட் எண்ணாக இருக்க வேண்டும். மாறியதும் ஒரு சிறு ஆன்லைன் பரிவர்த்தனை செய்து ஓ.டி.பி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூடவே, இரண்டு நாள் அறை, சாப்பாடு, வண்டிக்குப் போதுமான ரொக்கத்தைத் தனியாக வையுங்கள். பனி விழுந்து நெட்வொர்க்கும் கரண்டும் போன ஊரில் டிரைவருக்கு ஜிபே செய்ய முடியாது.

7. பை

துணி விஷயத்தில் சுருக்கமாகப் போகலாம். ஆளுக்கு இரண்டு செட் தெர்மல், ஒரு நல்ல ஜாக்கெட், தண்ணீர் புகாத ஷூ, கையுறை, கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடி. முட்டி வரை வரும் பூட்ஸும் கனமான கோட்டும் தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பாண்டி பஜாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி அப்புறம் பீரோவில் தொங்கவிட வேண்டாம்.

பிரிக்கும் விதம்தான் முக்கியம். இரண்டு நாள் உடை, எல்லா மருந்தும், சார்ஜர், பவர் பேங்க் கைப்பையில். விமானம் வேறு ஊரில் இறக்கப்பட்டால் பெட்டி உடனே கைக்கு வராது. மருந்தை ஐந்து நாளைக்குக் கூடுதலாக எடுங்கள். பவர் பேங்கைப் பெட்டியில் போட அனுமதி இல்லை. அதோடு குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும். வெளியே போகும்போது போனை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

8. கிளம்பும் முன் ஐந்து நாள்

ஐந்தாம் நாளிலிருந்து ஸ்ரீநகர் வானிலை மைய அறிவிப்பையும் சென்னை மண்டல மைய அறிவிப்பையும் தினம் ஒரு முறை பாருங்கள். காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருவது மேற்கிலிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கம். அது வருவது நான்கைந்து நாள் முன்பே ஓரளவு தெரிந்துவிடும். போன் ஆப்பில் வரும் பனி படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், அது மலையையும் பள்ளத்தாக்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் ஹோட்டலிடமும் டிரைவரிடமும் பேசித் தேதியை நகர்த்தும் வாய்ப்பைக் கேட்டு வையுங்கள். சிவப்பு என்றால் விமான நிறுவனத்தின் தளத்தில் கட்டணமில்லாத் தேதி மாற்றம் அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள், அறிவித்திருந்தால் உடனே மாற்றுங்கள். முதலில் மாற்றுகிறவர்களுக்கே நல்ல நேரம் கிடைக்கும்.

பதற்றத்தில் நீங்களாக ரத்து செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் போகும். அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ உங்கள் விருப்பம். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

பயண நாள் காலை, உங்கள் விமானம் எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்பதை ஃப்ளைட்ரேடார் 24 போன்ற ஆப்பில் பாருங்கள். அந்த விமானம் இன்னும் அமிர்தசரஸில் நின்றுகொண்டிருந்தால், பலகையில் சரியான நேரம் என்று போட்டிருந்தாலும் உங்களுக்குத் தாமதம் உறுதி.

9. சென்னையிலேயே மாட்டிக்கொண்டால்

கனமழை அன்று விமான நிலையத்துக்கு மெட்ரோதான் நம்பகமான வழி. முதல் ரயில் காலை 5 மணிக்குத்தான், அதனால் 7 மணிக்கு முந்தைய விமானத்துக்கு உதவாது. அப்படி விமானம் இருந்தால் முந்தின இரவே ஆலந்தூர், நங்கநல்லூர், பல்லாவரம் பக்கம் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்க்காரர்களுக்கு இது ரொம்பவே அவசியம். விடியற்காலை முழங்கால் தண்ணீரில் எந்தக் கேப்பும் வராது.

ரயில்காரர்கள் கவனிக்க வேண்டியது பேசின் பிரிட்ஜ்–வியாசர்பாடி இடையே உள்ள 14-ஆம் எண் பாலம். அங்கே தண்ணீர் ஏறினால் சென்ட்ரலிலிருந்து ரயில்கள் ரத்தாகும், அல்லது ஆவடி, திருவள்ளூர் போன்ற இடத்திலிருந்து கிளம்பும். வீட்டை விட்டு இறங்கும் முன் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்.

திரும்பி வரும்போது சென்னை மூடியிருந்தால் விமானம் பெரும்பாலும் பெங்களூருக்குப் போகும். இறக்கிவிட்டால், சென்னை எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் திறக்கும் என்றால் காத்திருப்பதே மேல்.

10. டெல்லியில் மாட்டிக்கொண்டால்

ஒருவர் கவுண்டர் வரிசையில் நிற்க, மற்றவர் அதே நேரத்தில் ஆப்பிலும் கால் சென்டரிலும் முயல வேண்டும். இரண்டு பேராகப் பயணம் செய்வதன் பெரிய லாபம் இது. ஆனால் பலரும் ஜோடியாக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரே நேரத்தில் நிறைய விமானங்கள் ரத்தாகும்போது மறுநாள் சீட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

கவுண்டரில் எங்களுக்கு ஏதாவது பண்ணுங்கள் என்று கேட்காமல், இந்த எண் விமானத்தில், இத்தனை மணிக்கு, இரண்டு சீட் இருக்கிறது, அதில் போடுங்கள் என்று கேளுங்கள். போனில் தேடிப் பார்த்துவிட்டுப் போனால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

விதிப்படி, நேரத்துக்குச் செக்-இன் செய்தவர்களுக்கு டெல்லி–ஸ்ரீநகர் போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரத் தாமதத்துக்கும், சென்னை–டெல்லி போன்ற இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் 3 மணி நேரத் தாமதத்துக்கும் சாப்பாடும் தண்ணீரும் உண்டு. தானாக வராது, கேட்க வேண்டும். வானிலை காரணமான தாமதத்துக்கு இழப்பீட்டுத் தொகை கிடையாது, ஹோட்டலையும் மறுக்கலாம். இரவுத் தங்கலுக்கு உங்கள் கைக்காசை ஒதுக்கி வையுங்கள். மஹிபால்பூரில் மலிவாகவும் ஏரோசிட்டியில் வசதியாகவும் அறைகள் உண்டு.

திரும்பும் வழியில் டெல்லியில் நின்றுவிட்டால், ரயிலில் போய்விடலாமே என்ற யோசனை வரும். வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஒழுங்காக ஓடினாலே இரண்டு இரவுகள், மூட்ட நாளில் இன்னும் கூடும். அதற்குள் விமானத்தில் சீட் கிடைத்துவிடும்.

11. காஷ்மீரில் மாட்டிக்கொண்டால்

மேற்கத்தியக் கலக்கம் வருவதாக அறிவிப்பு வந்ததும் குல்மார்க், பகல்காமிலிருந்து முந்தின நாள் மதியத்துக்குள் இறங்குங்கள். பனி விழுவதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று தோன்றும். ஸ்ரீநகரிலும் விழும், அங்கே பாருங்கள். மேலேயே சிக்கிவிட்டால் இரவில் இறங்க முயலாமல், சாலையைச் சுத்தம் செய்து உள்ளூர் டிரைவர் சரி என்று சொன்ன பிறகு, வெளிச்சத்தில், செயின் போட்ட வண்டியில் மட்டும் இறங்குங்கள்.

பனி நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. வானம் தெளிந்த அந்த இரவில்தான் குளிர் கடுமையாகும். நசுங்கிய பனி கண்ணாடிப் பாளமாக உறைந்து சாலை வழுக்கும், காலையில் விமான நிலையத்தில் மூட்டம் நிற்கும். அன்று மதிய விமானம் வைத்திருந்தவர்கள் தப்பிப்பார்கள்.

விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்பே போங்கள். டெர்மினலுக்கு முன்னால், வெளிவாசலிலேயே பெட்டிகளையெல்லாம் வண்டியிலிருந்து இறக்கிச் சோதிப்பார்கள். பனி நாளில் அந்த வரிசை நீளும்.

விமானம் ரத்தானால் வழிகளை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் அதே நிறுவனத்தின் மறுநாள் விமானம். ஒரு நாள் தாமதம் என்றால், வெள்ளி அல்லது சனியில் திரும்புவதால் வார இறுதி அதைத் தாங்கிவிடும், வேறெதுவும் செய்ய வேண்டாம்.

மறுநாளும் கிடைக்காவிட்டால் ரயில். 2025 ஜூன் 7 முதல் ஸ்ரீநகருக்கும் கட்ராவுக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது, சுமார் 3 மணி நேரப் பயணம். நெடுஞ்சாலை மூடிய நாளிலும் ரயில் ஓட வாய்ப்பு அதிகம், காரணம் பாதையின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போகிறது. நெடுஞ்சாலை மூடியது என்ற செய்தி வந்ததும் சீட்டுகள் பறந்துவிடும் என்பதால், விமானம் சந்தேகம் என்று தெரிந்த நிமிடமே டிக்கெட்டை எடுத்து வையுங்கள், விமானம் கிளம்புவது உறுதியானால் ரயில் டிக்கெட்டை ரத்து செய்துகொள்ளலாம். நிலையம் ஸ்ரீநகரின் தெற்கே நவ்காமில் இருக்கிறது. கட்ராவிலிருந்து ஜம்மு விமான நிலையம் சாலையில் ஏறக்குறைய 50 கி.மீ. ஜம்முவிலும் ஜனவரிக் காலைகளில் மூட்டம் உண்டு, அங்கேயும் மதிய விமானமே எடுங்கள்.

கடைசி வழி என்.எச். 44, ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை. ராம்பன், பனிஹால் பகுதியில் நிலச்சரிவும் பனியும் அடிக்கடி மறிக்கும். போக்குவரத்துப் போலீஸின் அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் ஏறாதீர்கள். 2024 டிசம்பர் கடைசியில் பனி கொட்டியபோது நூற்றுக்கணக்கான வண்டிகள் வழியிலேயே இரவைக் கழித்தன. ஏறினால் தண்ணீர், ரொட்டி, பிஸ்கட், ஒரு கம்பளி வண்டிக்குள் இருக்கட்டும். முகல் ரோடு வழியாகச் சுற்றிப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குளிர்காலத்தில் அது மூடியிருக்கும்.

அறைக்குள் அடைந்து கிடக்கும் நாட்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரி எரியும் காங்ரியையோ கேஸ் ஹீட்டரையோ அறைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை, தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே எடுக்கும். தூங்கும் முன் அணைத்து வெளியே வையுங்கள், ஜன்னலில் விரல் அளவு இடைவெளி விடுங்கள்.

மணாலியில் இதே நிலைமை அடல் சுரங்கப்பாதையில் வரும். பனி விழத் தொடங்கினால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அல்லது செயின் போட்ட வண்டியைத்தான் சோலாங் தாண்டி விடுவார்கள். சிஸ்ஸு பக்கம் போயிருந்தால் மதியம் 2 மணிக்குள் இந்தப் பக்கம் திரும்பிவிடுங்கள்.

12. பயணமே ரத்தானால்: லீவை என்ன செய்வது

விமானம் முந்தின நாள் ரத்தாகி மாற்றும் கிடைக்கவில்லை, லீவோ போட்டாகிவிட்டது. காரணம் வடக்கே என்றால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றும் திறந்தே இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், ஆன்லைனில் எடுக்கலாம். ஜனவரி விடியற்காலையில் ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும், வாங்கி வைத்த தெர்மலும் வீணாகாது. மேட்டுப்பாளையம் மலை ரயிலை மட்டும் நம்பி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து அடிக்கடி நிற்கும்.

காரணம் சென்னைப் புயல் என்றால் ஈ.சி.ஆர், புதுச்சேரி பக்கம் போகாமல் மேற்கே மைசூர், குடகு என்று போங்கள்.

13. பணத்தைத் திரும்பப் பெறுவது

ரத்துச் செய்தி வந்த எஸ்.எம்.எஸ், மெயில், விமான நிலையப் பலகை மூன்றையும் அன்றே ஸ்க்ரீன்ஷாட்டும் படமும் எடுங்கள். நிறுவனத்திடமிருந்து ரத்து அல்லது தாமதச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். இன்ஷூரன்ஸுக்கு இது இல்லாமல் வேலை நடக்காது.

பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல் (அதே நிறுவனத்தில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் தொகை) என்று காட்டுவார்கள். அதை ஏற்பதா என்பது உங்கள் விருப்பம், அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. அந்த நிறுவனத்தில் அடுத்த பயணம் உறுதியாக இல்லாவிட்டால் பணமாகவே கேளுங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் பணம் அவர் வழியாகத்தான் வரும், நாளாகும். ரத்தான அன்றே ஏஜென்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் மெயில் போடுங்கள்.

பயண இன்ஷூரன்ஸ் எடுப்பதானால் டிக்கெட் வாங்கிய வாரத்திலேயே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்து டிவியில் ஓட ஆரம்பித்த பிறகு எடுத்தால், ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று தள்ளிவிடுவார்கள். எத்தனை மணி நேரத் தாமதத்திலிருந்து பணம், கூடுதல் ஹோட்டல் இரவு சேருமா என்ற இரண்டு வரிகளை மட்டுமாவது பாலிசியில் படித்துவிடுங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால் ஏர்சேவா தளத்தில் பி.என்.ஆருடன் புகார் பதியுங்கள். ஹோட்டல், ஏஜென்ட் மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்தாவது படியில் நீங்கள் கேட்டு வாங்கிய வாட்ஸ்அப் பதில்கள் இங்கேதான் உதவும். தேதியோடு தெரியும்படி அவற்றையும் முன்பணம் கட்டிய ரசீதையும் புகாரோடு இணையுங்கள்.